எனக்கு இல்லாத தம்பி

வேலி என் வலப்பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் நடந்தும் அது முடியவில்லை. ஜெர்மனியில் இருந்த அந்த அமெரிக்க விமானத்தளத்தின் பின்வாசலில் இருந்து கிராமத்துக்குப் போகும் பாதை அந்த வேலியை ஒட்டித்தான் போகிறது. உழவு இயந்திரங்களுக்காகப் போட்ட ஒற்றைச் சீமெந்துப் பாதை. இடப்பக்கம் கிழங்கு எடுத்து முடித்த வயல், கணுக்கால் புதையும் சேறு. பெப்ரவரிக் காற்றுக்குத் தடுப்பாக ஒரு மரம்கூட இல்லை. மரங்களை அமெரிக்கர்கள் முன்பே வெட்டிவிட்டார்கள், வேலிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம்.

முதலாளியின் வெள்ளை வான் பின்னால் வரும் சத்தம் கேட்டது. நான் விளிம்பில் ஒதுங்கி நின்றேன். நிறுத்துவார் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். வான் நிற்கவில்லை. முன் இருக்கையில், என்னோடு தளத்தில் தரை துடைக்கும் அக்கா இருந்தார். அவர் முகம் வேலிப் பக்கம் திரும்பியிருந்தது. சேற்றுத் தண்ணீர் என் முழங்கால்வரை அடித்தது. வான் போய்க் கிராமத்துத் தேவாலயக் கூரைக்குப் பின்னால் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு உள்ளே ஒரு காவல் வண்டி வந்தது. இரண்டு பேர். கண்ணாடியை இறக்கி ஒருவன் கேட்டான், ஏன் வேலியோரம் நடக்கிறாய் என்று. வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அட்டையைக் காட்டு என்றான். காலையில் இருந்தது, இப்போது வாங்கிவிட்டார்கள் என்றேன். அவன் மற்றவனைப் பார்த்தான். பிறகு, பாதையின் மறுபக்கத்தால் நட என்றான். அந்தப் பாதைக்கு மறுபக்கம் என்று ஒன்று கிடையாது, வயல்தான். நான் வயலில் இறங்கி நடந்தேன். அவர்கள் உள்ளே நடை வேகத்தில் என்கூடவே வந்தார்கள், வேலி முடியும்வரை.

மேலே ஆளில்லா விமானம் போனது. மூன்று வீடு தள்ளி யாரோ புல் வெட்டுவது போன்ற சத்தம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் மேகத்தில் ஒன்றும் தெரியாது.

அன்று காலை நாங்கள் மூன்று பேரும் ஒரே வானில்தான் உள்ளே போனோம். முதலாளி, அக்கா, நான். தளத்துக்குள் போகும் அட்டையை எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜெர்மன் சொல்லாலேயே அவுஸ்வைஸ் என்பார்கள். அக்காவின் அவுஸ்வைஸைப் புதுப்பித்துத் தருவார்களா இல்லையா என்பதுதான் அன்றைய கேள்வி. எனக்கும் அதே கேள்விதான், ஆனால் நான் அங்கே போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு இல்லையென்றால் வேறிடம். என் வாழ்க்கையே அப்படித்தான் போனது. அக்காவுக்கு அப்படியில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. கார் ஓட்டத் தெரியாது. அவர் இருந்த கிராமத்துக்குப் பள்ளிக்கூட நாட்களில் இரண்டு பஸ், லீவு நாட்களில் அதுவும் இல்லை. எட்டு வருடமாக அந்தத் தளத்தைத் தவிர அவர் வேறெங்கும் வேலை செய்ததில்லை. அதை விட்டால் அந்த வட்டாரத்தில் அவரை எடுக்க ஒருவரும் இல்லை. அது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாழ்ப்பாணத்தை விட்டது இருபத்தைந்து வயதில். ஜெர்மனியில் ஸ்ட்ராபெரி பிடுங்கினேன், பன்றி வெட்டும் ஆலையில் தரை கழுவினேன், பிராங்பேர்ட்டில் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் இரண்டு வருடம் பாத்திரம் கழுவினேன், டிரெஸ்டனில் விளம்பரத் தாள் போட்டேன். எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் இல்லை. துரத்தியது பாதி, நானாக வெளிக்கிட்டது பாதி. முதலாளியை அகதி முகாமில் இருந்த காலத்திலேயே தெரியும். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டேய், இஞ்ச வா. அமெரிக்கன்ர கொட்டகை கழுவ ஆள் வேணும். அறை நான் தாறன்."

அறை என்று அவர் சொன்னது அவருடைய சாமான் கிடங்குக்கு மேலே ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும். எனக்கு அது போதும்.

முன்பு அங்கே ஹெலிகொப்டர்கள் மட்டும்தான் நின்றனவாம். அப்போது எந்தக் கேள்வியும் இல்லை, பேர் எழுதிவிட்டு உள்ளே போகலாம். ஆளில்லா விமானங்கள் வந்த பிறகு உள்ளுக்குள் இன்னொரு வேலி போட்டார்கள். அந்த வேலிக்குள் மூன்று கொட்டகைகள். உள்ளே கூட்டுகிற, துடைக்கிற ஒவ்வொருவரையும் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சோதித்து முடியும்வரை தற்காலிக அட்டை.

கிராமத்தவர்களுக்கு அமெரிக்கர்களைப் பிடிக்காது. எங்களைப் பிடிக்காது. அமெரிக்கர்களுக்காகத் தரை துடைக்கும் எங்களை இரண்டு மடங்கு பிடிக்காது. வீட்டு முன் தோட்டங்களில் பலகை நட்டிருந்தார்கள், கொலை இங்கிருந்து தொடங்குகிறது என்று. சனிக்கிழமைகளில் வாசலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் பதாகை பிடித்து நிற்பார்கள். எங்கள் வான் நுழையும்போது தளபதியின் காரைப் பார்ப்பது போலவே எங்களையும் பார்ப்பார்கள். ஒருநாள் முட்டை விற்கும் ஒரு கிழவி அக்காவிடம் முகத்துக்கு நேரே கேட்டாளாம், கொலைகாரர்களின் தரையைத் துடைக்க உனக்கு வெட்கமில்லையா என்று.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ வந்து துடை, நான் உன்ர பதாகையைப் பிடிக்கிறன் எண்டன். பேந்து எனக்கு முட்டை தரேல்லை."

அக்கா மன்னார்க்காரர். கத்தோலிக்கர். போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு தம்பி செத்தான் என்றும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் ஒருவன் செத்திருப்பான். புதிய கொட்டகைக்குள் முதல்முறை போன நாளில் அக்கா வாளியை வைத்துவிட்டு அந்த விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சாம்பல் நிறம். மெல்லிய, நீளமான செட்டை. மூக்கு வீங்கியிருந்தது, ஜன்னல் ஒன்றும் இல்லை.

"உதுதானோ வண்டு," என்றார்.

வன்னியில் வேவு விமானத்துக்கு அதுதான் பேர். வண்டு வந்து சுற்றினால் சனம் பதுங்குகுழிக்குப் போகும், பின்னால் குண்டு விமானம் வரும் என்று அர்த்தம். நான் வன்னியில் இருந்ததில்லை, எனக்குக் கேள்விப்பட்டதுதான்.

"பயமில்லையோ அக்கா?"

"நிலத்தில நிக்கிறதுக்கு என்ன பயம். ஏறினாத்தான். நீ அந்தப் பக்கத்து எண்ணெயைத் துடை."

அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. அன்றிலிருந்து தினமும் அதன் வயிற்றுக்குக் கீழே குனிந்து துடைத்தார்.

சோதனைக்கான அன்ட்ராக் பன்னிரண்டு பக்கம். அந்த விண்ணப்பத்தோடு இணைக்கச் சொன்னது இரண்டே காகிதம், வதிவிட அட்டையின் பிரதியும், அது எந்த அடிப்படையில் கிடைத்தது என்று சொல்லும் ஒரு பக்கமும். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அலுவலகம் ஒரு காகிதம் கேட்டால் நாங்கள் முப்பது காகிதம் கொடுப்போம். எது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது, ஒன்று குறைந்தால் திருப்பி அனுப்புவான், அடுத்த டெர்மின், சந்திக்கும் நாள், கிடைக்க இரண்டு மாதம். ஆகவே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், முகாமில் தந்த முதல் துண்டில் இருந்து கடைசி மின்சாரக் கடிதம்வரை அதற்குள் இருக்கும். முதலாளி எங்கள் இரண்டு பேரின் பைகளையும் வாங்கிப் போய், முழுவதையும் பிரதியெடுத்து, தடித்த கோப்பாகக் கட்டி அனுப்பினார். அதில் எங்கள் அகதி வழக்கின் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருந்தன. தீர்ப்பு என்றால் முடிவு மட்டுமல்ல. விண்ணப்பித்தவர் என்ன கதை சொன்னார் என்பதும் அதில் வரிக்கு வரி இருக்கும்.

அந்தக் கதை எப்படி வந்தது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். நான் முதலில் அசூல் அடித்தபோது, அகதித் தஞ்சம் கேட்டபோது, உண்மையைச் சொன்னேன். வேலை இல்லை, இராணுவச் சுற்றிவளைப்பில் இரண்டு தரம் பிடித்து அடித்தார்கள், பயம், வந்தேன். நிராகரித்துவிட்டார்கள். முகாமில் முதலாளிதான் எல்லோருக்கும் கேஸ் எழுதுவார். அப்போது அவர் முதலாளி இல்லை, எங்களில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். என் நிராகரிப்புக் கடிதத்தை வாசித்துவிட்டு, உன் கதையில் ஒன்றும் இல்லையடா என்றார். இரண்டு நாளில் ஒரு புதுக் கதை எழுதித் தந்தார். இயக்கம் என்னைப் பிடித்துப் போய்க் காட்டுக்குள் விமான ஓடுபாதை போடச் சரளை சுமக்க வைத்தது. என்கூட என் தம்பி. ஒருநாள் குண்டு விமானம் வந்தது. தம்பி கல் அழுத்தும் உருளைக்கு அடியில் ஒளித்தான். அங்கேயே செத்தான்.

எனக்குத் தம்பி இல்லை. வீட்டில் நான்தான் கடைசி. மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். நீதிமன்றத்தில் நீதிபதி, தம்பிக்கு எத்தனை வயது என்று கேட்டபோது பத்தொன்பது என்று சொல்லி அழுதேன். அதை நடிப்பென்றும் சொல்ல முடியாது. மூன்று நாளில் அந்தப் பெடியன் எனக்குப் பழகிப்போயிருந்தான். விசா கிடைத்தது.

பாதுகாப்பு அலுவலகம் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி அறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஜெர்மன்காரர், அறுபது வயதிருக்கும், அமெரிக்கர்களுக்காக வேலை செய்பவர். கதவடியில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் நின்று தன் சப்பாத்துக் கயிற்றைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூன்று பேரையும் ஒன்றாக உள்ளே வரச் சொன்னார்கள். அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

அலுவலர் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே இடத்தில் மஞ்சள் அடித்திருந்தது.

"காய்ந்த ஆற்றில் இருந்து உரப்பையில் சரளை," என்று அவர் வாசித்தார். "பதினேழு நாள். பத்தொன்பது வயதுத் தம்பி. உருளைக்கு அடியில்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அக்காவை. "உங்கள் இரண்டு பேரின் தம்பிமாரும் ஒரே உருளைக்கு அடியில் ஒளித்திருக்கிறார்கள். நீங்கள் சொந்தக்காரரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு அலுவலக ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. ஆனால் சரளை, தம்பி, பத்தொன்பது என்ற சொற்கள் அவருக்குப் புரியும். அவர் முதலாளியை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு எழுதித் தந்த கதை கற்பனை இல்லை. முகாமில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த, நான் அப்போது அறியாத அக்கா தன் கேஸ் எழுத வந்து சொன்னதை, அந்த மனுசன் அப்படியே எடுத்து எனக்கும் கொடுத்திருந்தார்.

அலுவலர் காத்திருந்தார். நான் யோசித்தது இதுதான். உண்மை என்று சொன்னால், ஓர் ஆயுத இயக்கத்துக்கு ஓடுபாதை போட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு அட்டையும் போகும். என்னுடையது பொய், அவருடையது உண்மை என்றால், அக்காவின் அட்டை போகும். வழி ஒன்றுதான் இருந்தது.

"இரண்டும் பொய்," என்றேன்.

"இரண்டுமா?"

"அந்த நேரம் முகாமில் எல்லோருக்கும் இந்தக் கதைதான். விசா கிடைக்கும் என்று சொன்னார்கள். சொன்னோம்."

"யார் எழுதியது?"

"ஞாபகமில்லை."

முதலாளியின் மூச்சு வெளியே வந்த சத்தம் எனக்குக் கேட்டது. அலுவலர் கதிரையில் சாய்ந்தார். முகம் கொஞ்சம் இளகியது. "பொய் சொன்ன அகதிகளால் எனக்குத் தொல்லை இல்லை," என்றார். "அது வேறு அலுவலகம், அதுவும் பழைய விஷயம். வேறொருவனுக்கு ஓடுபாதை போட்டவர்களைத்தான் நான் உள்ளே விட முடியாது." அக்காவின் பக்கம் திரும்பினார். அவரை எட்டு வருடமாகத் தெரியும், தினமும் வாசலில் காலை வணக்கம் சொன்னவர். குரல் அதற்கேற்றபடி இருந்தது. "உங்கள் சக ஊழியர் சொல்வது சரியா? கட்டிய கதைதானே?"

அவர் உதவி செய்ய நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். அக்கா ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஓம், யா எண்டு சொல்லுங்கோ," என்றார் முதலாளி தமிழில், உதடு அசையாமல். "ஒரு சொல்லுத்தானே. சொல்லிப்போட்டு வேலைக்குப் போவம்."

அக்கா என்னிடம் தமிழில் கேட்டார்.

"உனக்குத் தம்பி இருக்கோ?"

"இல்லை அக்கா."

"நீ அங்க நிண்டனியோ?"

"இல்லை."

"அப்ப அது பொய்யெண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?"



அக்கா தன் கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி மஞ்சள் அடித்த இடத்தின் மேலே வைத்தார். பிறகு தன்னுடைய ஜெர்மனில், துண்டு துண்டாகச் சொன்னார். என் தம்பி. உண்மை. நானும் சுமந்தேன். அவர்கள் துவக்கோடு நின்றார்கள், சுமந்தேன். பதினேழு நாள் இல்லை. இருபத்தொரு நாள். எழுதினவர் பிழையாக எழுதியிருக்கிறார்.

அலுவலர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துப் பதினேழை வெட்டி, பக்கத்தில் இருபத்தொன்று என்று எழுதினார். அட்டையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். என்னுடையதையும் கேட்டு வாங்கினார். என்னுடையது பற்றிப் பிறகு அறிவிப்பார்களாம். சிப்பாய் சப்பாத்தை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தான்.

வானடியில் நான் முதலாளியின் ஜாக்கெட்டைப் பிடித்தேன்.

"அவவின்ர தம்பியை ஏன் எனக்குத் தந்தனீங்கள்?"

"கையை எடு. உன்ர கதையில ஒரு சாவு இல்லை. சாவில்லாமல் ஆரடா விசா தருவான்?"

"வேற ஏதும் எழுதியிருக்கலாம்."

"வேறயோ? ஒரு கிழமையில இருபது பேருக்கு எழுதினனான். இருபது சாவுக்கு நான் எங்க போறது? வாங்கேக்க நீ கேட்டனியோ, உது ஆரின்ர தம்பியெண்டு? நண்டுக்கறியும் சமைச்சுத் தந்து வாங்கிக்கொண்டு போனனீ."

அது உண்மை. நண்டுக்கறி நான்தான் சமைத்துக் கொடுத்தேன்.

அக்கா அதற்குள் முன் இருக்கையில் ஏறிவிட்டார். ஜன்னல் திறந்திருந்தது. எங்களைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார்.

"உவன் ஏறினா நான் இறங்கி நடப்பன்."

அவர் முழங்காலோடு ஐந்து கிலோமீட்டர். சொன்னால் செய்வார். நான் கையை எடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். முதலாளி உள்ளே போய்ச் சாவிகளை ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருந்ததால்தான் வான் என்னைத் தாண்ட அவ்வளவு நேரம் எடுத்தது.

வேலி முடிந்து, காவல் வண்டி திரும்பிப் போன பிறகு, நான் பாதையில் ஏறிச் சேற்றைப் புல்லில் தேய்த்தேன். கிராமத்து முதல் வீட்டில் ஒருவன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். வேலை உடுப்பைப் பார்த்து எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்துகொண்டான். நாயின் சங்கிலியை இரண்டு முழம் நீட்டிவிட்டான். நான் பாதையின் நடுவால் போனேன்.

அக்கா இருந்தது பழைய பேக்கரிக்கு மேலே. பேக்கரி மூடி வருடங்கள் ஆகிவிட்டன. மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை, மேலே ஜன்னல் திறந்தது.

"என்ன?"

"உங்களைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"தெரியும்."

"உங்கட தம்பியெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"அதுவும் தெரியும். இண்டைக்கு உன்ர முகத்தைப் பாத்தனான்தானே." பிறகு கேட்டார். "கோட்டில அழுதனியோ?"

"ஓம்."

"கனநேரமோ?"

"நீதிபதி தண்ணி தரச் சொன்னவர்."

"நான் அழேல்லை. சொன்னதைச் சொல்லிப்போட்டு இருந்தனான். மொழிபெயர்க்கிறவ சொன்னவ, கொஞ்சம் அழுங்கோ, அப்பத்தான் நம்புவாங்கள் எண்டு. எனக்கு வரேல்லை. ரெண்டு வருசம் இழுத்தாங்கள். உனக்கு எவ்வளவு காலம் எடுத்தது?"

"நாலு மாசம்."

அவர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் என் தொலைபேசி அடித்தது. முதலாளி. நான் எடுத்தேன். அவருடைய குரல் பெரிது. அந்தத் தெருவில் வேறு சத்தமும் இல்லை. மேலே நின்றவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.

"டேய், உன்ரது பாஸாம். இப்பத்தான் அந்த ஒபிசர் போன் அடிச்சவர். பொய்க்காரனில அவைக்குப் பிரச்சினை இல்லையாம். நாளைக்கு ஆறு மணிக்கு மூண்டு கொட்டகைக்கும் நீதான். ஆள் வராட்டி ஒப்பந்தத்தை வேற ஆருக்கும் குடுப்பாங்களாம். கேக்குதோ? அறையில சாப்பாடு வச்சிருக்கிறன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

"யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அக்கா.

"நான் போகேல்லை."

"போகாட்டி எங்க போவாய்?"

"எங்கயாவது."

"எங்கயாவது போறதுக்கு உனக்கு வயசு முடிஞ்சுது." அவர் ஜன்னலின் ஒரு கதவை இழுத்து மூடினார். மற்றதில் கை வைத்தபடி சொன்னார். "நீ போறதும் விடுறதும் உன்ர பாடு. எனக்காகப் போகாமல் விடாதை, எனக்கு அது வேண்டாம். ஆனா போனியெண்டா இந்த மணியை இனி அடிக்காதை. என்ர தம்பியைப் பொய்யெண்டு சொல்லி எடுத்த வேலை அது."

ஜன்னல் மூடியது.

ரயில் நிலையம் அங்கிருந்து இன்னும் ஏழு கிலோமீட்டர். அதையும் நடந்தேன். மேடையில் ஒரு வாங்கு இருந்தது, உட்கார்ந்தேன். பிராங்பேர்ட் போக ஒரு ரயில் மாறினால் போதும். அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது இரண்டு கிழமைக்கு வரவேற்பறை சோபாவைத் தருவார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்வரை குளியலறைக்குப் போகாமல் படுத்திருக்க வேண்டும், மூன்றாம் கிழமை அந்த வீட்டுப் பெண் கணவனோடு சமையலறையில் மெதுவாகப் பேசத் தொடங்குவார். எல்லாம் எனக்குத் தெரிந்த பாடம். ஐம்பத்திரண்டு வயது. அக்கா சொன்னது சரி. போன மாதம்தான் அந்த அறையின் ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிப் போட்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் திரை அது.

ரயில் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. பெரிய முடிவு எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எழும்பவில்லை, அவ்வளவுதான். பிறகு முதலாளிக்குத் தொலைபேசி அடித்தேன், வந்து ஏற்றிக்கொண்டு போனார். பேக்கரி வழியால் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவராகவே சுற்றுப் பாதையால் போனார்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் புது அட்டை தயாராக இருந்தது. அலுவலர் அதைத் தந்தபோது காலை வணக்கம் சொல்லவில்லை. கையெழுத்துப் போட ஒரு தாளைத் தள்ளினார். கொட்டகைக்குள் செய்யக் கூடாதவை என்று பதினொரு விதிகள். படம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. விமானம் வெளியே உருளும் நேரம் துப்புரவு ஊழியர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

முதல் கொட்டகையில் நான் பாதித் தரையைத் துடைத்திருந்தபோது பெரிய கதவு திறந்தது. யாரோ கத்தினார்கள். நான் வாளியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் சக்கரங்கள் உருண்டன. குளிர்காற்று முதுகில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கதவு மூடியது, திரும்பலாம் என்றார்கள். அது நின்ற இடத்தில் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் கிடந்தன. முழங்காலில் நின்று துடைக்கத் தொடங்கினேன்.